சின்ன மாற்றம்தானே!

“சர்வர் இல்லை, நாளைக்கு வாருங்கள்!”

இந்தப் பதிலை ஒரு முறையாவது கேட்காத தமிழர் இன்று யார் இருக்கிறார்கள்? பணம் எடுக்கப் போனாலும் சரி, பட்டா நகல் வாங்கப் போனாலும் சரி, டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றாலும் சரி, ஏதாவது ஒரு நாள் இந்தப் பதில் நமக்குக் கிடைத்தே தீருகிறது. கேட்டதும் நாம் என்ன செய்கிறோம்? தலைவிதி என்று திரும்பிவிடுகிறோம். மழை வந்தால் நனைய வேண்டியதுதான். சர்வர் போனால் திரும்ப வேண்டியதுதான் என்று பழகிவிட்டோம்.

ஆனால் மழை வானத்திலிருந்து வருகிறது. சர்வர் போவது அப்படி அல்ல. பல சமயங்களில், யாரோ ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, “சின்ன மாற்றம்தானே!” என்று நினைத்துச் செய்த காரியத்திலிருந்துதான் அது வருகிறது. அப்படிப்பட்ட ஒரு நாளைச் செஞ்சியில் நான் நேரில் பார்த்தேன். அதை வாசகர்களுக்குச் சொல்லி, அதிலிருந்து என் மனதில் பட்ட அபிப்பிராயத்தையும் சொல்வதே என் நோக்கம்.

ஆயா கேட்ட கேள்வி

செஞ்சிக் கடைத்தெருவில் ஓர் அலுவலகம். பெயர் வேண்டாம், யாரையும் குறை கூற நான் இதை எழுதவில்லை. சுற்றுவட்டாரக் கிராமத்து ஜனங்கள் பணம் போடவும் எடுக்கவும் வந்து போகிற இடம். காலை 10 மணிக்கே வரிசை வாசல் வரை நின்றது.

வரிசையில் எனக்கு முன்னால் ஒரு மூதாட்டி. சீயமங்கலத்திலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். சீயமங்கலம் சாதாரண ஊர் அல்ல. மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து கோயில் எடுத்த ஊர். சுமார் 1,400 ஆண்டுகளாக அந்தக் குகைக் கோயிலின் வாயிலில் காவலர்கள் கல்லாக நின்று காவல் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூதாட்டியின் கவலையோ கல்லைப் பற்றியது அல்ல, கழனியைப் பற்றியது. அன்று நடவு. பெண்கள் பன்னிரண்டு பேர் சேற்றில் இறங்கியிருக்கிறார்கள். சாயங்காலம் கரையேறும்போது கூலி கையில் இருக்க வேண்டும். அந்தப் பணத்தை எடுக்கத்தான் அவர் விடியற்காலையில் கிளம்பி வந்திருக்கிறார்.

“சர்வர் இல்லை” என்றார் சிப்பந்தி.

மூதாட்டி உள்ளே எட்டிப் பார்த்தார். மின்விசிறி சுழல்கிறது. கம்ப்யூட்டர் எரிகிறது. மூலையில் இருந்த பெட்டியில் வரிசையாகப் பச்சை விளக்குகள் மினுக்குகின்றன. அவர் கேட்டார்:

“ஏம்பா தம்பி, கதவைச் சாத்தி வச்சிருந்தா வாசல்லேயே திரும்பிப் போயிருப்பேன். கதவு தொறந்திருக்குது, விளக்கு எரியுது, நீங்க எல்லாரும் இருக்கீங்க. அப்புறம் எதுதாம்பா சாத்தியிருக்குது?”

சிப்பந்தியால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைப் போல் கூர்மையான கேள்வியை அன்று வேறு யாருமே கேட்கவில்லை என்பது மாலையில்தான் எனக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கதவு சாத்தித்தான் இருந்தது!

காவல்காரனின் சீட்டு

அந்தக் கதவுக்குப் பெயர் ஃபயர்வால். ஒரு வீட்டில் பிடித்த தீ பக்கத்து வீட்டுக்குத் தாவாமல் இருக்கக் கட்டும் கெட்டிச் சுவருக்கு வைத்த பெயர் அது. கம்ப்யூட்டர்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே நின்று, எதை உள்ளே விடுவது, எதை வெளியே விடுவது என்று முடிவு செய்யும் யந்திரமே ஃபயர்வால்.

செஞ்சிக் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்ற மூன்று மலைகளையும் ஒரே மதிலால் வளைத்திருக்கிறார்கள். வேலூர்ப் பக்கம் போக ஒரு வாசல். புதுச்சேரிப் பக்கம் போக ஒரு வாசல். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை முற்றுகையிட்டும் சுலபத்தில் விழாத கோட்டை இது. 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்த மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டிலிருந்து இடம் பெற்றது இதுதான்.

அந்த வாசலில் நிற்கும் காவல்காரனிடம் ஒரு சீட்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். யாரை விடலாம், யாரை விடக் கூடாது என்று வரிவரியாக அதில் எழுதியிருக்கிறது. ஃபயர்வாலிடமும் அப்படி ஒரு சீட்டு இருக்கிறது. கம்ப்யூட்டர் செய்திகள் சிறு சிறு பொட்டலங்களாகப் போகின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்புகிறவர் விலாசம், பெறுகிறவர் விலாசம், எந்த வாசலுக்கு என்ற எண் எல்லாம் உண்டு. ஃபயர்வால் அவற்றைப் படித்து, தன் சீட்டோடு ஒத்துப் பார்க்கிறது.

எப்படிப் பார்க்கிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பெரும்பாலான ஃபயர்வால்கள் சீட்டை மேலிருந்து கீழே படிக்கும். முதலில் எந்த வரி பொருந்துகிறதோ, அதோடு நின்றுவிடும். கீழே என்ன எழுதியிருந்தாலும் கவலை இல்லை. “வடக்கேயிருந்து வருகிற எவரையும் விடாதே” என்று முதல் வரியில் எழுதி, “பால்காரரை விடு” என்று இரண்டாம் வரியில் எழுதினால், வடக்கேயிருந்து வருகிற பால்காரரின் கதி என்ன? கோட்டைக்குள் குழந்தைகள் பாலுக்கு அழ வேண்டியதுதான்! காவல்காரன்மேல் தவறு சொல்ல முடியுமா? அவன் சீட்டில் உள்ளதைத்தானே செய்தான்?

மற்றொன்றும் உண்டு. சீட்டின் கடைசியில், எழுதினாலும் எழுதாவிட்டாலும், “மேலே சொல்லாத எவரையும் விடாதே” என்ற வரி இருப்பதாகவே பல ஃபயர்வால்கள் நடந்துகொள்ளும். ஆகவே, அனுமதிக்கும் வரி ஒன்றைத் தவறுதலாக அழித்துவிட்டாலும் பாதை அடைபட்டுப் போகும்.

32-க்குப் பதில் 24

செஞ்சி அலுவலகத்தில் நடந்தது இதுதான். முதல் நாள் மாலை, அலுவலகம் மூடிய பிறகு, கம்ப்யூட்டர் இணைப்புகளைக் கவனிக்கும் இளைஞருக்கு ஓர் உத்தரவு வந்திருக்கிறது. தொல்லை கொடுத்துக்கொண்டிருந்த ஒரு விலாசத்தைத் தடுக்க வேண்டும். ஒரே ஒரு விலாசம். ஒரே ஒரு வரி.

கம்ப்யூட்டர் விலாசம் என்பது புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள். அதன் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு இன்னும் ஓர் எண் எழுதுவார்கள். அது 32 என்றால் அந்த ஒரு விலாசம் மட்டும். 24 என்றால் அந்த வரிசையில் உள்ள 256 விலாசங்கள். அதாவது, 32 என்றால் ஒரு வீடு. 24 என்றால் தெரு முழுவதும்!

இளைஞரின் கை 24 என்று அடித்துவிட்டது. வரியையும் சீட்டின் உச்சியில் வைத்துவிட்டார்.

அந்தத் தெருவில் குடியிருந்தது யார் தெரியுமா? பெயரைச் சொன்னால் விலாசத்தைச் சொல்லும் யந்திரம். நாம் கம்ப்யூட்டரில் பெயரைத்தான் தட்டுகிறோம். அந்தப் பெயருக்கு உரிய எண் எது என்று ஒரு யந்திரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் கம்ப்யூட்டரால் அங்கே போக முடியும். வழி சொல்லுகிறவரின் வீட்டையே பூட்டிவிட்டால், பாதை நன்றாக இருந்தும் பிரயாணி எங்கே போவார்? தலைமை அலுவலகம் இருந்த இடத்திலேயே இருந்தது; அதற்கு வழிதான் தெரியவில்லை.

இளைஞர் சோதித்துப் பார்க்காமல் போகவில்லை. தடுக்கச் சொன்ன விலாசம் தடைபட்டதா என்று பார்த்தார். தடைபட்டிருந்தது. திருப்தியோடு வீட்டுக்குப் போனார். மூட வேண்டியது மூடியதா என்று பார்த்தார். திறந்திருக்க வேண்டியது திறந்திருக்கிறதா என்று பார்க்கவில்லை. அலுவலகம் மூடியிருந்ததால் அன்று இரவு அது யாருக்கும் தெரியவும் இல்லை.

தேடிய விதம்

காலையில் என்ன செய்தார்கள்? முதலில் கம்பிகளைப் பிடுங்கிச் செருகினார்கள். பிறகு புதுக் கம்பி போட்டார்கள். யந்திரத்தை அணைத்து ஏற்றினார்கள். தொலைபேசிக் கம்பெனிக்குப் புகார் செய்தார்கள். அவர்கள் பார்த்துவிட்டு, “எங்கள் லைன் சரியாக இருக்கிறது” என்றார்கள். மறுபடியும் அணைத்து ஏற்றினார்கள். மணி 2 ஆயிற்று. வரிசையில் பாதிப் பேர் போய்விட்டார்கள். மூதாட்டி போகவில்லை. வெறுங்கையோடு அவர் எப்படிப் போவார்?

3 மணிக்குமேல் அனுபவசாலியான ஓர் அதிகாரி தொலைபேசியில் வந்தார். கம்பியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று: “நேற்று வரைக்கும் ஓடியது. அதற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள்?”

“ஒன்றும் பெரிதாக இல்லை சார். ஒரு சின்ன மாற்றம்தான்…”

“அதைத் திருப்பிப் போடுங்கள்.”

இரண்டே நிமிடம்! வேலை ஓட ஆரம்பித்தது. ஐந்து மணி நேரம் தேடியது இரண்டு நிமிடத்தில் தீர்ந்தது. அதன் பிறகு டீக்கடையில் அந்த இளைஞரே என்னிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். “தடுத்ததையெல்லாம் ஃபயர்வால் கணக்கு எழுதி வைக்கும் சார். நேற்று இரவிலிருந்து பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. நாங்கள்தான் புரட்டிப் பார்க்கவில்லை” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

பழுது தேடுவதற்கும் வைத்தியத்துக்கும் வித்தியாசம் இல்லை. நல்ல வைத்தியர் நாடியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, “எப்போதிலிருந்து? அதற்கு முன் என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்பார். இங்கேயும் கேள்விகள் அவைதான். எது ஓடுகிறது, எது ஓடவில்லை? எப்போதிலிருந்து? கடைசியாக மாறியது என்ன? அதற்குப் பிறகு படிப்படியாக ஏற வேண்டும். பக்கத்துக் கம்ப்யூட்டரை எட்ட முடிகிறதா? ஃபயர்வாலை எட்ட முடிகிறதா? அதைத் தாண்டி எட்ட முடிகிறதா? எண்ணைக் கொடுத்தால் போய்ச் சேருகிறது, பெயரைக் கொடுத்தால் சேரவில்லை என்றால், வழி சொல்லும் யந்திரத்தில் கோளாறு என்று அங்கேயே தெரிந்துபோகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். கம்பி, யந்திரம், லைன் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் குழப்பினால், எது நோய், எது மருந்து என்று எப்படித் தெரியும்?

சீமையிலும் இதே கதை

“செஞ்சியிலே ஒரு பையன் தப்பாகத் தட்டிவிட்டான், இதற்கு ஒரு கட்டுரையா?” என்று சில வாசகர்கள் நினைக்கலாம். ஆனைக்கும் அடி சறுக்கும். உலகத்திலேயே பெரிய கம்பெனிகளிலும் இதே சறுக்கல்தான் நடந்திருக்கிறது.

2019 ஜூலை 2. உலகம் முழுவதும் ஏராளமான இணையதளங்களுக்குக் காவல் நிற்கும் அமெரிக்கக் கம்பெனியான கிளவுட்ஃபிளேர், தன் ஃபயர்வாலில் ஒரு புது விதியைச் சேர்த்தது. “இப்போதைக்கு எதையும் தடுக்காதே, வேடிக்கை மட்டும் பார்” என்ற நிலையில்தான் சேர்த்தார்கள். ஆனால் அந்த விதியை ஒத்துப் பார்ப்பதிலேயே யந்திரங்களின் முழுச் சக்தியும் செலவாகிவிட்டது. ஒரே சமயத்தில் உலகம் முழுவதும் அனுப்பியதால், ஒரே சமயத்தில் உலகம் முழுவதும் திணறியது. 27 நிமிடங்கள் எண்ணற்ற தளங்கள் நின்றுபோயின. அந்தக் கம்பெனி தவறை மறைக்கவில்லை. நிமிட வாரியாக நடந்ததை எழுதி உலகத்துக்கே வெளியிட்டது. அதற்காக அதைப் பாராட்ட வேண்டும்.

2022 ஜூலை 8. நம் தமிழ் மக்கள் பெருவாரியாக வாழும் டொரோண்டோ உள்பட, கனடா தேசம் கைபிசைந்து நின்ற நாள் அது. ரோஜர்ஸ் என்ற தொலைபேசிக் கம்பெனியில் அதிகாலையில் ஒரு வேலை நடந்தது. எந்த வழித் தகவலை உள்ளே விடலாம் என்று சலித்து அனுப்பும் விதி ஒன்றை எடுத்துவிட்டார்கள். ஃபயர்வால் விதிக்கு உடன்பிறப்பு போன்றது அது. சல்லடை போனதும் வழித் தகவல்கள் வெள்ளமாய்ப் பாய்ந்து நடுநாயகமான யந்திரங்களை மூழ்கடித்தன. 1 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். கடைகளில் கார்டு செல்லவில்லை. அவசர உதவி எண்ணான 911-ஐக்கூடப் பலரால் அழைக்க முடியவில்லை. பழுது பார்க்க வேண்டிய பொறியாளர்களாலும் தங்கள் யந்திரங்களை எட்ட முடியவில்லை. ஏனென்றால் அதற்கும் அதே பாதைதான்!

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஏழு கட்டங்களாகத் திட்டமிட்ட வேலையில் அது ஆறாவது கட்டம். ஆரம்பத்தில் “அபாயம் அதிகம்” என்று மதிப்பிட்ட வேலையை, முன் கட்டங்கள் நன்றாக முடிந்ததும் “அபாயம் குறைவு” என்று மாற்றிவிட்டார்கள். ஐந்து முறை பாம்பு கடிக்கவில்லை என்பதற்காக ஆறாவது முறை கையை விடலாமா?

2025 செப்டம்பர் 18. இது நெஞ்சை உருக்குகிற கதை. ஆஸ்திரேலியாவில் ஆப்டஸ் என்ற கம்பெனி வழக்கமான ஃபயர்வால் வேலை ஒன்றைச் செய்தது. அதன் பிறகு தென் ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா, வட பிரதேசம் ஆகிய பகுதிகளில் நூற்றுக்கணக்கான அவசர உதவி அழைப்புகள் போய்ச் சேரவில்லை. சாதாரண அழைப்புகள் எல்லாம் போய்க்கொண்டிருந்தன. அதனால் கம்பெனிக்கு அபாய மணி அடிக்கவில்லை. “அவசர எண் கிடைக்கவில்லை” என்று சில வாடிக்கையாளர்கள் சொல்லியும், அந்தப் புகார்கள் உரிய நேரத்தில் மேலே போகவில்லை. பல மணி நேரம் இப்படியே கழிந்தது. உயிர்ச் சேதத்தோடு சேர்த்துப் பேசப்பட்டு, நாடாளுமன்ற விசாரணை வரை போயிற்று இந்த விவகாரம்.

பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் காரியம் நடக்கவில்லை! செஞ்சி மூதாட்டி கண்டதும் ஆஸ்திரேலியாவில் நடந்ததும் ஒன்றுதான் அல்லவா?

மூன்று தவறான யோசனைகள்

இப்படித் தடங்கல் வரும்போதெல்லாம் மூன்று யோசனைகள் கிளம்பும். மூன்றுமே தவறு என்பது என் அபிப்பிராயம்.

முதல் யோசனை: “இந்த ஃபயர்வாலே வேண்டாம், எடுத்து எறியுங்கள்!” அன்று வரிசையில் ஒருவர் இதைத்தான் சொன்னார். வேலை ஓட வேண்டும் என்ற அவசரத்தில், “எவரையும் எங்கேயும் விடு” என்று ஒரு வரியைப் போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இது திருடன் வருவதற்குச் சுவரை இடித்துக் கொடுப்பதற்குச் சமம். 2017 மே மாதத்தில் வானாகிரை என்ற கிருமி 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டதே, அது நுழைந்தது 445 என்ற எண்ணுள்ள வாசல் வழியாக. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இணையத்தைப் பார்த்திருந்த ஃபயர்வால்களைச் சரியாகப் பராமரித்திருந்தாலே ஆஸ்பத்திரிகள் தப்பியிருக்கும் என்று அந்நாட்டுத் தணிக்கைத் துறை பின்னால் சொல்லிற்று.

இரண்டாம் யோசனை: “ஓடுகிற யந்திரத்தைத் தொடாதே!” கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திருடர்கள் தினம் ஒரு புதுச் சாவி செய்கிறார்கள். நாம் பூட்டை மாற்றாமல் இருந்தால் என்ன ஆகும்? மாற்றத்தான் வேண்டும். மாற்றுவது குற்றமில்லை. திரும்பி வர வழி வைக்காமல் மாற்றுவதுதான் குற்றம்.

மூன்றாம் யோசனை: “அந்தப் பையனை வேலையை விட்டு நீக்கு!” இது எல்லாவற்றிலும் மோசம். ஒருவனைத் தண்டித்தால் மற்றவர்கள் ஜாக்கிரதை ஆகமாட்டார்கள், மறைக்கத்தான் கற்றுக்கொள்வார்கள். அடுத்த முறை அதிகாரி, “என்ன மாற்றினாய்?” என்று கேட்டால், “ஒன்றுமே இல்லை சார்” என்றுதான் பதில் வரும். ஐந்து மணி நேரம் ஐந்து நாள் ஆகும். ஒரே ஒரு மனிதரின் விரல் வழுக்கினால் ஊர் முழுதும் நிற்கும்படி வேலையை அமைத்தவர் யார்? கேள்வியை அவரிடம் அல்லவா கேட்க வேண்டும்?

செய்ய வேண்டியது என்ன?

பணம் கொட்ட வேண்டியதில்லை. ஒழுங்கு இருந்தால் போதும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். என்ன மாற்றம், எப்போது, யார், எதற்காக, பழையபடி ஆக்குவது எப்படி என்று எழுதிவிட்டுப் பிறகு யந்திரத்தைத் தொடுங்கள். செஞ்சியில் அந்த நோட்டு இருந்திருந்தால், காலை 10 மணிக்கே அதைப் புரட்டி 10.05-க்கு வேலையை ஆரம்பித்திருக்கலாம்.

இரண்டாவது கண் வேண்டும். தட்டியவர் கண்ணுக்கு 24 என்பது 32 ஆகவே தெரியும். அச்சகத்தில்கூடக் கோத்தவரே பிழை திருத்துவதில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு இருக்கிற பாதுகாப்பு, ஓர் ஊரின் பணத்துக்கு வேண்டாமா?

திரும்பி வரும் வழியை முன்னதாகவே வையுங்கள். செஞ்சி ராஜகிரியின் உச்சிக்கு ஏறும் வழியில் ஆழமான பாறைப் பிளவு ஒன்று குறுக்கிடுகிறது. அதன்மேல் ஒரு சிறு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் பகைவன் மேலே வர முடியாது. உண்மைதான். ஆனால் எடுக்கிறவன் தவறான கரையில் நின்றுகொண்டு எடுத்தால், அவனும் வெளியே நிற்க வேண்டியதுதான்! தூரத்திலிருந்தபடியே ஃபயர்வாலை மாற்றுகிறவர்கள் தங்களையே வெளியே வைத்துப் பூட்டிக்கொள்வது இப்படித்தான். இதற்கு மருந்து உண்டு. ஜூனிப்பர் போன்ற சில யந்திரங்களில், மாற்றத்தைத் தற்காலிகமாகப் போடலாம். குறித்த நேரத்துக்குள், சாதாரணமாக 10 நிமிடத்துக்குள், “சரி, உறுதி” என்று மறுபடி சொல்லாவிட்டால், யந்திரம் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இவ்வளவு நல்ல வசதி இருந்தும் அதை உபயோகிக்காமல் இருப்பது நம் சோம்பல் அல்லாமல் வேறென்ன?

யந்திரத்தைக் கேட்காதீர்கள், காரியத்தைக் கேளுங்கள். மாற்றம் முடிந்ததும் விளக்கைப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. மூதாட்டி செய்யப்போகும் காரியத்தை ஒரு முறை நீங்களே செய்து பாருங்கள். பணம் வருகிறதா? ரசீது அச்சாகிறதா? அவசர எண் கிடைக்கிறதா? அதுதான் சோதனை. அதுவும் ஒரே இடத்தில் முதலில் செய்து பார்த்து, நன்றாக ஓடினால் மற்ற இடங்களுக்கு அனுப்புங்கள்.

கடைசியாக, காகிதத்தை மறந்துவிடாதீர்கள். 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய கோளாறான ஒரு சிறு கோப்பினால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் முடங்கின. அன்று நம் நாட்டு விமான நிலையங்கள் பலவற்றில் பேனாவை எடுத்துக் கையாலேயே போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். தாமதம் ஆயிற்று, ரத்தானவையும் உண்டு. ஆனாலும் விமானங்கள் பறந்தன. விமானத்துக்கே பேனா உதவுமானால், ஒரு கிராமத்து மூதாட்டிக்கு அவசரத்துக்குச் சிறு தொகை கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ள ஒரு விதி இருக்கக் கூடாதா? அதுவும் முடியாவிட்டால், “இன்ன கோளாறு, இத்தனை மணிக்குச் சரியாகலாம்” என்று ஒரு பலகையாவது எழுதி வைக்கக் கூடாதா? “சர்வர் இல்லை” என்பது பதில் அல்ல. பதில் சொல்ல மறுப்பதற்கு ஒரு பெயர்.

கூலி

மாலை 4 மணி சுமாருக்கு மூதாட்டியின் கையில் பணம் வந்தது. இளைஞர் தாமே எழுந்து வந்து, “மன்னிச்சிருங்க ஆயா, என் தப்புதான்” என்றார். தவறு செய்தவர் தானாக வந்து ஒப்புக்கொண்டதை நான் அதிகம் பார்த்ததில்லை. மூதாட்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“தப்பு செய்யாதவங்க யாரு தம்பி? ஆனா, சேத்துல நின்னவங்க கூலிக்குக் காத்துக்கிட்டு நிப்பாங்களே, அவங்ககிட்ட நான் என்னான்னு சொல்லுவேன்? ‘சின்ன மாற்றம்’னு சொன்னா அவங்களுக்குப் புரியுமா?”

பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் நிலையத்தை நோக்கி வேகமாக நடந்தார். கரையேறிய பன்னிரண்டு பெண்களும் இருட்டும் வரை காத்திருந்தார்களா, வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்களா, எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். 32-க்குப் பதில் 24 என்று அடித்ததற்கான அபராதத்தை அன்று கட்டியவர்கள் அந்த அலுவலகத்தார் அல்ல. கம்ப்யூட்டரையே தொட்டறியாத அந்தப் பெண்கள்தான்.

யந்திரத்தின் முன் உட்காருகிற தம்பிகளே, தங்கைகளே! அவர்களை மேய்க்கிற அதிகாரிகளே! மாற்றம் பெரிதா, சிறிதா என்பதை விரல் தட்டும் எழுத்தின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்காதீர்கள். அதற்கு அந்தப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைக் கொண்டு அளந்து பாருங்கள். அப்போது சின்ன மாற்றம் என்று ஒன்று இல்லவே இல்லை என்பது தெரியும்.